இலையைச் சுருட்டும் புழுவும் ரேடியோ நெல்லும்

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலையில், ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நெல் வயல். பச்சையாக இருக்க வேண்டிய இடத்தில் அங்கங்கே வெள்ளைக் கோடு, யாரோ சுண்ணாம்புக் குச்சியால் இழுத்துவிட்ட மாதிரி. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தாயி, பயிர் வெள்ளையடிச்சுப் போச்சு. பக்கத்து வயக்காரவுக எல்லாம் மருந்து அடிச்சுட்டாக. நான் அடிக்கணுமா வேணாமா? நீதான் எல்லாத்தையும் தேடித் தேடிப் படிக்கிறியே, கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

மாமாவின் வயல் கப்பலூர் பக்கம் இருக்கிறது. மதுரையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்குக் கப்பலூர் என்றால் டோல்கேட்தான் ஞாபகம் வரும். அதைத் தாண்டினால் சிட்கோ தொழிற்பேட்டை, பஞ்சாலை, அப்புறம் திருமங்கலம். நடுவில் கண்மாய்த் தண்ணீரை நம்பி இன்னமும் கொஞ்சம் நெல், கொஞ்சம் மல்லிகை, மேட்டு நிலத்தில் கொஞ்சம் பருத்தி.

இரண்டு நிமிஷத்தில் கூகுள் பண்ணிப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. காரணம், மாமா கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது, இதே வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு மருந்து அடிக்கப் போன மாமா வரப்பிலேயே விழுந்தார். வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அத்தை மருந்து டப்பாவை வீட்டுக்குள் வைக்க விட்டதே இல்லை.

அதனால் இன்றைக்கு நம்ம கதாநாயகன் ஒரு புழு. சுண்டுவிரல் நீளம்கூட வராது. அது எதைத் தின்கிறது, எப்படித் தின்கிறது, அதைப் பார்த்து நாம் ஏன் இவ்வளவு பயந்தோம் என்பதுதான் இன்றைய வரலாறு.

புழு என்ன செய்கிறது?

முதலில் அதன் வேலையைப் பார்த்துவிடுவோம். நெல் இலைச்சுருட்டுப் புழுவின் தாய், தங்கப் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன அந்துப்பூச்சி. இறக்கையில் கருப்பாக வளைந்த கோடுகள். ராத்திரியில் விளக்கைச் சுற்றும். வயலுக்குள் நடந்தால் காலடியிலிருந்து கொஞ்ச தூரம் பறந்து மறுபடி உட்காரும். அது இலையில், நடு நரம்பை ஒட்டி, முட்டை வைக்கும். ஒரு வாரத்துக்குள் பொரியும்.

பொரிந்ததும் குஞ்சுப் புழு விரியாத இளங்குருத்துக்குள் போய்த் தின்ன ஆரம்பிக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் தனக்கென்று ஒரு வீடு கட்டும். இலையின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் இடையே பட்டு நூலால் தையல் போடும். நூல் காயக் காய இழுபடும், இலை நீளவாக்கில் குழாய் மாதிரி மடியும். புழு உள்ளே உட்கார்ந்து பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்னும். இலையின் மறுபக்கத் தோலை விட்டுவிடும். அந்தத் தோல்தான் நமக்குத் தெரிகிற வெள்ளைக் கோடு. ஓர் இலை முடிந்ததும் அடுத்த இலை. ஒரு புழு தன் வாழ்நாளில் மூன்று நான்கு இலைகளை முடித்துவிடும். கடைசியில் சுருட்டிய இலைக்குள்ளேயே கூட்டுப்புழு ஆகி, மறுபடி அந்துப்பூச்சி.

ஆக, அந்தச் சுருள் புழுவுக்குச் சமையலறை, படுக்கையறை, பாதுகாப்பு அறை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. வெயில் படாது. குருவி கண்ணுக்குத் தெரியாது. மேலே தெளிக்கிற மருந்தும் சுலபத்தில் உள்ளே போகாது. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. பிற்பாடு மாமாவை வரப்பில் சாய்த்ததில் இதற்கும் பங்கு இருக்கிறது.

நெல் மட்டும்தான் அதன் சாப்பாடு என்றும் இல்லை. வரப்பில் இருக்கிற குதிரைவாலிப் புல் மாதிரிப் பல புல் வகைகளில் அது வாழும். சோளம், மக்காச்சோளம், கரும்பிலும் பார்த்திருக்கிறார்கள். மொத்தத்தில் அது புல் குடும்பத்தை விட்டுப் பெரிதாக வெளியே போகாத புழு. வயலில் நெல் இல்லாத மாதங்களில் வரப்புப் புல்தான் அதன் சத்திரம்.

பூவரசு பீப்பீ

இந்தப் புழுவுக்கு நம்ம ஊரில் பங்காளிகள் உண்டு. மாடித் தோட்டத்தில் வெண்டைச் செடி வைத்திருக்கிறவர்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். இலை திடீரென்று ஊதுகுழல் மாதிரி சுருண்டு தொங்கும். பிரித்தால் உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற பச்சைப் புழு, கருப்புத் தலை, கூடவே நிறைய எச்சம். இது பருத்தி இலைச்சுருட்டுப் புழு. நெல்காரப் புழு உள்ளே உட்கார்ந்து சுரண்டும். இது கொஞ்சம் பெரிய மனுஷன், ஓரத்திலிருந்து கடித்தே தின்னும். சின்ன வயதில் இலைக்கு அடியில் கூட்டமாக இருக்கும். வளர்ந்ததும் சுருட்ட ஆரம்பிக்கும்.

இதன் மெனு கார்டு வேறு. பருத்தி, வெண்டை, செம்பருத்தி, துத்தி. பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் பூவைப் பாருங்க. எல்லாவற்றுக்கும் ஐந்து இதழ், நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி மகரந்தம். எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். நாம் தாவரவியல் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்வதை அந்தத் தாய் அந்துப்பூச்சி காலால் தொட்டும் மோந்தும் தெரிந்துகொள்கிறது.

நம்ம பூவரசும் அதே குடும்பம்தான். சின்ன வயதில் பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி, பீப்பீ ஊதாத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. எனக்கு அதைச் செய்யக் கற்றுக்கொடுத்தது அப்பத்தா. அவள் பருத்திக் காட்டில் கூலிக்கு எடுப்பு எடுத்தவள். "இந்தப் புழு என்னைய விட நல்லாச் சுருட்டுதுடி" என்று வெண்டை இலையைக் காட்டிச் சிரிப்பாள். அவளுக்கு அந்தப் புழுமேல் கோபமே இருந்ததில்லை. சுருண்ட இலையைக் கிள்ளுவாள், காலுக்கடியில் போட்டு நசுக்குவாள், அடுத்த செடிக்குப் போவாள். அவ்வளவுதான்.

பெயர் வைத்தவர்கள்

இப்போது கொஞ்சம் பழைய காலத்துக்குப் போவோம்.

பருத்திப் புழுவின் அந்துப்பூச்சிக்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஃபேப்ரிசியஸ் என்கிற டென்மார்க்காரர். வருஷம் 1775. பெரிய லின்னேயஸின் மாணவர். டென்மார்க்குக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், தரங்கம்பாடி. அந்தக் காலத்தில் அது டேனிஷ் குடியேற்றம். 1768-ல் அங்கே மருத்துவராக வந்த கோனிக் என்பவரும் லின்னேயஸின் மாணவர்தான். நம்ம கடற்கரைச் செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றை ஃபேப்ரிசியஸ் விவரித்திருக்கிறார்.

நெல் புழுவின் அந்துப்பூச்சிக்குப் பெயர் வைத்தவர் கெனே என்கிற பிரெஞ்சுக்காரர். 1854. அவர் தொழில்முறையில் வக்கீல். சுவாரஸ்யம் என்னவென்றால், அதே 1854-ல் அவரே இன்னொரு அந்துப்பூச்சிக்கும் பெயர் வைத்தார். அது மல்லிகைச் செடியின் இலைகளைப் பட்டு நூலால் பின்னி, உள்ளே இருந்து நரம்பு மட்டும் மிஞ்சுகிற மாதிரி அரித்துத் தின்கிற புழுவின் தாய். ஆக, நம்ம மதுரைச் சமவெளியின் மூன்று பயிர்கள், நெல், பருத்தி, மல்லிகை, மூன்றிலும் இலையைச் சுருட்டிப் பிழைக்கிற மூன்று புழுக்கள். மூன்றும் ஒரே அந்துப்பூச்சிக் குடும்பம். அதில் இரண்டுக்கு ஒரே வருஷத்தில் பெயர் வைத்தவர் ஒரு பிரெஞ்சு வக்கீல்.

ஆனால் அருங்காட்சியக ஆட்கள் பார்த்தது ஊசியில் குத்திய இறக்கைகளை. அது எதைத் தின்கிறது, எப்போது வருகிறது, எவ்வளவு சேதம் என்ற கணக்கெல்லாம் அடுத்த அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் புத்தகம் ஏறியது. 1914-ல் பிளெட்சர் என்ற பூச்சியியலாளர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. 1940-ல் டி.வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியாவுக்கான பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டைக் கொண்டுவந்தார். இந்தப் பூச்சி இந்தச் செடி, இந்த மாதம், இதைச் செய்யலாம் என்கிற மாதிரியான புத்தகங்கள். விவசாயிக்கு அது ஏற்கெனவே தெரியும். அரசாங்கத்துக்குத்தான் புதுசு.

செடி மாறியது, புழு மாறவில்லை

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும் என்று சொன்னால், அது இதுதான்: புழு பழைய புழுதான், நாம்தான் அதற்குப் போடுகிற இலையை மாற்றினோம்.

பருத்தியில் அது எப்படி நடந்தது என்று பாருங்க. நம்ம கரிசல் காட்டின் பழைய பருத்தி கருங்கண்ணி மாதிரியான நாட்டுப் பருத்தி. குட்டை இழை, சிறிய இலை, வறட்சியைத் தாங்கும். ஆலைகள் பெருகியபோது அவற்றுக்கு நீள இழை தேவைப்பட்டது. மதுரையில் ஹார்வி ஆலை 1892-ல் வந்தது. கப்பலூரில் இருக்கிற தியாகராஜர் ஆலையைக் கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1936-ல் தொடங்கினார். இடையில், 1900-களின் தொடக்கத்தில், கம்போடியா பருத்தி என்ற பெயரில் ஓர் அமெரிக்க இனப் பருத்தி நம்ம பக்கம் நுழைந்து வேகமாகப் பரவியது. அகலமான, மெத்தென்ற இலை. கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சினால் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும். சுருட்டுகிற புழுவுக்கு இதைவிட நல்ல துணி கிடைக்குமா?

பிற்பாடு வந்த எம்.சி.யு. ரகங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் விரிவு மெட்ராஸ் கம்போடியா உகாண்டா. மூன்று ஊர்ப் பெயரும் ஒரே செடிக்குள்.

நீண்ட நாள் நிற்கிற செடியால் இன்னொரு பிரச்சினை வந்தது. பழைய செடியைப் பிடுங்காமல் விட்டால் தண்டுக் கூன்வண்டும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அதிலேயே தங்கி அடுத்த பயிருக்குத் தாவின. அதற்காக மெட்ராஸ் அரசாங்கம் 1919-ல் ஒரு சட்டமே போட்டது, விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம். இந்தியாவில் இந்த மாதிரிச் சட்டங்களில் முன்னோடி. குறிப்பிட்ட தேதிக்குள் பருத்திச் செடியைப் பிடுங்கியாக வேண்டும் என்று உத்தரவு போட அது வழி செய்தது. விஷம் தெளி என்று சொல்லவில்லை பாருங்க. புழுவின் சாப்பாட்டைக் கொஞ்ச நாள் நிறுத்து என்று சொன்னார்கள். பட்டினி போடும் சட்டம்.

அந்தக் காலத்தில் இலைச்சுருட்டுப் புழுவுக்குச் சொன்ன வைத்தியமும் அப்பத்தா செய்ததுதான். சுருண்ட இலையைக் கிள்ளி அழி.

ரேடியோ நெல்

நெல்லுக்கு வருவோம். இங்கேதான் கதை நம்ம துறைக்குள், அதாவது ஒலிக்குள், வருகிறது.

1960-களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் வந்தது. நம்ம நெல்லோடு ஒரு ஜப்பானிய ரகத்தைச் சேர்த்து உருவாக்கியது. குறுகிய காலம், நல்ல விளைச்சல், உரம் கேட்கும். இதைத் தஞ்சாவூர் விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரிய பங்கு திருச்சி வானொலி நிலையத்துக்கு. 1966-ல் பண்ணை நிகழ்ச்சிகளில் எப்போது நாற்று விட வேண்டும், எப்போது உரம் போட வேண்டும் என்று நாள் கணக்காகச் சொன்னார்கள். ஜனங்கள் கடையில் போய் "ரேடியோ நெல் குடுங்க" என்று கேட்டார்கள். அந்த ரகத்துக்கு அதுவே பெயராக நிலைத்தது. யோசிச்சுப் பாருங்க, ஒரு ஆடியோ நிகழ்ச்சியின் பெயரில் ஒரு நெல்!

அதே 1966-ல்தான் பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8-ஐ வெளியிட்டது. பசுமைப் புரட்சியின் நட்சத்திரம். மதுரை வேளாண்மைக் கல்லூரி தொடங்கியது 1965. 1959-ல் திறந்த வைகை அணைத் தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டது. விதை, தண்ணீர், உரம், ஆலோசனை எல்லாம் ஒரே பத்தாண்டில் வந்து சேர்ந்தன. பசியை நேரில் பார்த்த தலைமுறை அது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ரேஷன் வரிசையில் நின்ற அப்பத்தாவே, "புது நெல்லு வந்தப்புறம்தான் மூணு வேளையும் சோறு" என்று சொல்லியிருக்கிறாள்.

ஆனால் உரத்துக்கு ஒரு பக்க விளைவு இருந்தது. எங்கள் பக்கத்தில் யூரியாவை உப்பு என்பார்கள். உப்பு கூடுதலாகப் போட்ட பயிர் கரும்பச்சையாக, அடர்த்தியாக, இலை மெத்தென்று வளரும். பார்க்க அழகு. அந்துப்பூச்சிக்கும் அதுதான் அழகு. தழைச்சத்து அதிகமான பயிரில் அது கூடுதலாக முட்டை வைக்கிறது, புழுவும் நன்றாகத் தேறுகிறது. நெருக்கமான நடவு, நிழல், வருஷத்தில் இரண்டு மூன்று போகம் என்று ஆனதும் புழுவுக்கு விடுமுறையே இல்லாமல் போயிற்று. அதுவரை நெல்லின் சில்லறைப் பூச்சிகளில் ஒன்றாக இருந்த இலைச்சுருட்டுப் புழு, 1960-களுக்குப் பிறகு ஆசியா முழுக்க முக்கியப் பூச்சி என்ற பதவிக்கு உயர்ந்தது. நாம் கொடுத்த பதவி உயர்வு.

சுருளுக்குள் போகும் விஷம்

இப்போது முன்பு சொன்னதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்க. சுருட்டிய இலைக்குள் மருந்து போகாது. மேலே பட்டால் கொல்கிற மருந்தால் இந்தப் புழுவை நம்பிக்கையோடு பிடிக்க முடியாது. அதனால் இலைக்குள்ளேயே ஊடுருவி, தின்கிற புழுவைக் கொல்கிற மருந்துகள் செல்வாக்குப் பெற்றன. அப்படி ஒன்றுதான் மோனோகுரோட்டோபாஸ். டப்பாவில் சிவப்பு முக்கோணம், அதாவது உச்சக்கட்ட நச்சு வகை. காய்கறிப் பயிர்களில் இதை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே இந்திய அரசு தடை போட்டது.

இந்த வகை மருந்து நரம்புக்கு ஓய்வு கொடுக்கிற நொதியைத் தடுக்கிறது. நரம்பு நிற்காமல் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும். எச்சில், வியர்வை, வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல். புழுவுக்கு நடப்பதும் மனுஷனுக்கு நடப்பதும் ஒன்றுதான், அளவு மட்டும்தான் வேறு. மாமா அன்றைக்கு லுங்கியோடு, சட்டை இல்லாமல், காற்றுக்கு எதிராக நடந்து அடித்திருக்கிறார். டேங்க் ஒழுகி முதுகு நனைந்திருக்கிறது. கையுறையா? கடையில் யாரும் சொல்லவும் இல்லை, விற்கவும் இல்லை.

வயலில் விழுந்தது மாமா மட்டும் இல்லை. சிலந்தி, தட்டான், முட்டைக்குள் முட்டை வைக்கிற குட்டிக் குளவி, எல்லாமே விழுந்தன. இலைச்சுருட்டுப் புழுவைத் தேடித் தின்றுகொண்டிருந்தவர்கள் இவர்கள்தான். காவல்காரர்கள் போனதும் வேறு திருடன் வந்தான். அவன் பெயர் புகையான். தத்துப்பூச்சி வகை, தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், பயிர் தீப்பிடித்த மாதிரிக் கருகும். 1973-ல் கேரளத்தின் குட்டநாட்டில் அது பெரிய அழிவை ஏற்படுத்தியது. இந்தோனேசியாவில் மறுபடி மறுபடி வந்து, கடைசியில் 1986-ல் அந்த நாட்டு அதிபர் நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிமருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தார். மருந்து குறைந்தது, நெல் விளைச்சல் விழவில்லை.

மறுபடியும் ரேடியோ

இனி மாமாவின் கேள்விக்கு நேராக வருவோம். வெள்ளைக் கோடு தெரிந்தால் விளைச்சல் போய்விடுமா?

நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹியோங் என்ற பூச்சியியலாளரும் எஸ்கலாடா என்ற தகவல் தொடர்பு ஆய்வாளரும் இதைத்தான் கேட்டார்கள். நடவு நட்ட முதல் சில வாரங்களில் விவசாயிகள் அடிக்கிற மருந்தில் பெரும்பகுதி இலை தின்னும் புழுக்களுக்காக என்று தெரிந்தது. காரணம் எளிது. தண்டுக்குள் இருக்கிற சேதம் கண்ணுக்குத் தெரியாது. இலைச்சுருட்டு தூரத்திலிருந்தே தெரியும். பக்கத்து வயக்காரனுக்கும் தெரியும். ஆனால் அந்த வயதில் நெல் புதுத் தூர் கட்டிக்கொண்டே இருக்கிறது, புது இலை விட்டுக்கொண்டே இருக்கிறது. இழந்ததை ஈடுகட்டிவிடுகிறது. பெரும்பாலும் விளைச்சலில் வித்தியாசமே வருவதில்லை.

இதை எப்படிச் சொல்வது? 1994-ல் வியட்நாமின் மீகாங் டெல்டாவில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: முதல் 40 நாள் இலைச்சுருட்டுக்கு மருந்து அடிக்க வேண்டாம். போஸ்டர், துண்டறிக்கை, அப்புறம் சின்னச் சின்ன வானொலி நாடகங்கள். அவ்வளவுதான். நம்பாவிட்டால் உன் வயலில் ஒரு மூலையில் செய்து பார் என்றார்கள். பருவத்துக்கு மூன்று முறைக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தவர்கள் சில வருஷத்தில் அதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள்.

1966-ல் ரேடியோ ஒரு நெல்லைக் கொண்டுவந்தது. 1994-ல் வேறொரு டெல்டாவில் ரேடியோ ஒரு பயத்தைக் குறைத்தது. நானும் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவள். எனக்கு இது கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்தது.

எண்ணிப் பார்த்தோம்

சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். போனில் "அடிக்காதீங்க மாமா" என்று சொல்வது சுலபம். நெல் போனால் நஷ்டம் அவருக்கு, எனக்கு இல்லை. அதனால் எண்ணிப் பார்க்கலாம் என்றேன்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பயிர் தூர் கட்டும் பருவத்தில் 100 இலைக்கு 10 இலை சேதமானால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பூக்கும் பருவத்தில், கண்ணாடி இலையில், 100-க்கு 5. கண்ணாடி இலை என்பது கதிருக்கு நேர் கீழே இருக்கிற கடைசி இலை. மணிக்குப் பால் ஊட்டுவதில் அதற்குத்தான் பெரிய பங்கு. அதனால் அங்கே மட்டும் கண்டிப்பு அதிகம்.

மாமாவும் நானும் வயலைக் குறுக்காக நடந்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக 10 தூர். ஒவ்வொன்றிலும் இலையை எண்ணி, சுருண்டதையும் வெளுத்ததையும் தனியாக எண்ணினோம். மாமா சத்தமாக எண்ண, நான் போனில் குறித்துக்கொண்டேன். மொத்தம் 472 இலை. சேதம் 31. நூற்றுக்கு ஏழுகூட வரவில்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பார்க்க பாதி வயலு போன மாதிரில்ல இருந்துச்சு" என்றார்.

சுருண்ட இலை சிலவற்றைப் பிரித்துப் பார்த்தோம். சிலதில் புழு. சிலதில் புழுவே இல்லை, வெறும் வீடு. ஒன்றில் புழு செத்து, பக்கத்தில் அரிசி முனை மாதிரி வெள்ளையாகச் சின்னக் கூடுகள். குளவி வந்து போயிருக்கிறது. மாமாவின் வயலில் காவல்காரர்கள் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இதுக்கு நான் சம்பளமே குடுக்கலையே தாயி."

முடிவு இப்படி ஆயிற்று. மருந்து இப்போதைக்கு இல்லை. அடுத்த உப்பைப் பாதியாகப் பிரித்து, இடைவெளி விட்டுப் போடுவது. வரப்புப் புல்லைச் செதுக்குவது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துப் பயிர்மேல் கயிறு இழுப்பது, சுருள் தட்டுப்பட்டுப் புழு தண்ணீரில் விழும். ரொம்பத் தேவைப்பட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல். கண்ணாடி இலை வரும்போது மறுபடி எண்ணுவது.

எல்லாம் சுபம் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அத்தை விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு துண்டு நிலத்தில் மல்லிகை இருக்கிறது. மதுரை மல்லி, 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மல்லி. "நெல்லு இலை போனா திரும்ப வரும்ங்கிற, சரி. எனக்கு மொட்டுல புழு விழுந்தா அன்னைக்குக் காசு அன்னைக்கே போச்சு. பூ மார்க்கெட்டுல நூத்துக்கு ஏழுனு கணக்கு பார்ப்பாகளா?" என்றார். இலையைப் பின்னுகிற புழுவையாவது கிள்ளி எடுக்கலாம், மொட்டுக்குள் போகிற புழு வேறு ஜாதி. அத்தைக்குச் சொல்ல என்னிடம் ஒரு வரி வாக்கியம் இல்லை. டப்பாவை வீட்டுக்குள் விடாத அத்தை, கொல்லையில் தென்னை மரத்தடியில் அதை ஒரு சாக்கில் சுற்றி வைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பூ தலைக்கு மேல் ஏறுகிற பொருள், அதை நாம் எல்லோரும் மோந்து பார்க்கிறோம்.

ஜனவரியில் அறுப்பு. கண்ணாடி இலைப் பருவத்தில் மறுபடி எண்ணியபோது நூற்றுக்கு மூன்று சொச்சம். மாமா கடைசிவரை அடிக்கவில்லை. மருந்து அடித்த பக்கத்து வயலும் மாமாவின் வயலும் ஏறக்குறைய ஒரே மூட்டைதான் கண்டன. ஒரு வயலை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்லக் கூடாது, தெரியும். ஆனால் மாமா அந்தப் பருவத்தில் ஒரு தடவைகூட டேங்கை முதுகில் ஏற்றவில்லை. எனக்கு அந்தக் கணக்கு போதும்.

ஊரிலிருந்து கிளம்பும்போது வாசல் பூவரசில் ஓர் இலையைப் பறித்துச் சுருட்டினேன். பீப்பீ வரவில்லை, காற்றுதான் வந்தது. மாமா வாங்கி, பிரித்து, இறுக்கமாகச் சுருட்டி, நுனியை நசுக்கிக் கொடுத்தார். இந்த அத்தியாயத்தின் ஆரம்பத்தில் நீங்கள் கேட்ட அந்தச் சத்தம் அதுதான்.

உங்கள் மாடித் தோட்டத்தில் வெண்டை இலை சுருண்டிருந்தால், கடைக்கு ஓடுவதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பாருங்க. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்கு எழுதுங்க. அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம். வணக்கம்.